சுபா கலெக்ஷன்ஸ்

வாங்க சம்பந்தியம்மா. உள்ள வாங்க. செருப்பை அங்க விடாதீக, தெருவுல ஒரு நாய் இருக்கு, ஒத்தச் செருப்பாப் பாத்துத் தூக்கிட்டுப் போயிரும். இப்படி உள்ள தள்ளி விடுங்க. அந்தச் சேர் வேணாம், அதுல சேலை கிடக்கு. கட்டில்ல உக்காருங்க. கோவில்பட்டியில இருந்து பஸ்லயா வந்தீக? இந்த வெயில்லயா? ஒத்தையிலயா?

நீங்க எதுக்கு வந்திருக்கீகன்னு எனக்குத் தெரியும். எங்க அண்ணன் மக கார்த்திகாவுக்கும் உங்க மகனுக்கும் நிச்சயம் நடந்த அன்னிக்கு, நீங்க தட்டுல வச்சுக் கொண்டாந்த நிச்சயச் சேலையில காபியைக் கொட்டுனவ நான்தான். புருசனைப் பறிகுடுத்த பொம்பளை, பிள்ளை நல்லா இருக்குறது பொறுக்காம பண்ணிட்டா, இந்த வீட்டுச் சம்பந்தமே வேணாம்னு உங்க கொழுந்தனாரு குதிக்காராம்ல. ஆவணி இருபத்தி மூணுக்கு மண்டபம் பிடிச்சாச்சு, பத்திரிகை அடிக்கிறதை மட்டும் நிறுத்தி வச்சிருக்கீகன்னு அண்ணன் சொல்லுச்சு. சொல்லிட்டு அழுதுச்சு. எங்க அண்ணன் அழுது நான் பாத்ததே இல்ல.

ஊர்ல எல்லார்ட்டயும் கை தவறிருச்சுன்னு சொன்னேன். உங்ககிட்ட அப்படிச் சொல்ல மாட்டேன். கை தவறல. ஊத்துனேன். முழு டம்ளரும்.

எந்திரிக்காதீக. இருங்க. கேட்டுட்டுப் போங்க. முழுசாக் கேட்டப்புறமும் இந்தச் சம்பந்தம் வேணாம்னு தோணுச்சுன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போங்க. நான் கால்ல விழ மாட்டேன். கெஞ்ச மாட்டேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்ல.

எங்க வீட்டுக்காரரு பேரு ஜெயபாண்டி. தீப்பெட்டி ஆபீஸ்ல லோடு ஆட்டோ ஓட்டுனாரு. போன ஐப்பசியில, காலையில பல்லு விளக்கிட்டு இருந்த மனுசன், நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. அப்படியே போயிட்டாரு. நாப்பத்தேழு வயசு. அதைப் பத்திப் பேச வேணாம். பேசுனா நான் வேற மாதிரி ஆயிருவேன்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் பிறந்த வீட்டு ஆளுக, சம்பந்தம் பண்ணவுக எல்லாம் புதுச் சேலை கொண்டாந்து தாலி அறுத்தவளுக்குப் போத்துவாக. கோடி போடுறது. உங்க பக்கமும் அப்படித்தான? முன்னால எல்லாம் வெள்ளைச் சேலை, இப்ப கலர்ச் சேலை. ஒன்னு மேல ஒன்னா, ஒன்னு மேல ஒன்னா போத்துறாக, நான் உள்ள மூச்சு முட்டி உக்காந்திருக்கேன். எனக்கு வந்தது பத்தொம்பது சேலை. பத்தொம்பது! அவரு உசுரோட இருக்கையில என் பிறந்தநாளுக்கு ஒரு கர்ச்சீப் எடுத்துக் குடுத்தவ கிடையாது.

அதுல எங்க மதினி இந்திராணி, கார்த்திகா அம்மா, உங்க சம்பந்தி, அவ கொண்டாந்தது மாம்பழக் கலரு. அரக்குப் பார்டரு, சாஃப்ட் சில்க். அதைப் பாத்ததும் அந்தத் துக்கத்துலயும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இருபது வருசமாப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவ எனக்கு எடுத்த சேலை எல்லாம் ஒரு தண்ணிக்கு மேல தாங்காது. சாயம் போயி எங்க வீட்டு வாளியெல்லாம் நீலமாக் கிடக்கும். கோடிக்கு மட்டும் சாஃப்ட் சில்க். ஏன்? அன்னிக்குத்தான ஊரே பாக்கும்.

சரி, அந்தப் பத்தொம்பது சேலையை என்ன பண்றது? வீட்டுல வேற யாரும் கட்டக் கூடாதாம். நல்லது கெட்டதுக்கு யாருக்கும் குடுக்கக் கூடாதாம். நான் கட்டலாமான்னா, வருசம் திரும்புற வரைக்கும் உனக்கு என்ன கலர்ச் சேலை வேண்டிக் கிடக்குங்கறாக. யாராச்சும் ஏழை பாழைக்குக் குடுத்துருன்னு மதினி சொன்னா. ஏன், ஏழைக்குப் புருசன் இல்லையா? அவளுக்கு மட்டும் தோசம் ஒட்டாதா? கேட்டேன்.

மூணு மாசம் வாசப்படி தாண்டக் கூடாதுன்னாக. விடியக்காலையில யாரு கண்ணுலயும் படக் கூடாதுன்னாக. எதுத்த வீட்டுக்காரி வேலைக்குக் கிளம்புறப்போ நான் வாசல்ல நின்னேன்னா, மறந்து போனதை எடுக்குற மாதிரி உள்ள போயிட்டு அப்புறம் வருவா. தினமும் என்னத்தை மறப்பா அவ?

என் மக சுபா மதுரையில நர்சிங் படிக்கா. ரெண்டாவது வருசம். அவளுக்கு எந்த வழியில படிப்பு நடக்கப் போகுதுன்னு எவளாச்சும் கேட்டாளா? கோடி போத்துன பத்தொம்பது பேருல ஒருத்தர் கேட்கல. படிப்பை நிறுத்திட்டு ஒரு நல்ல பையனாப் பாத்துக் கட்டிக் குடுத்துரும்மான்னு சித்தப்பா ஒருத்தர் சொன்னாரு. அன்னிக்கு முடிவு பண்ணேன். நான் வெளிய போகக் கூடாது, அவ்வளவுதான? போகல. என் போன் போகட்டும்.

அவரு போன்தான் அது. கண்ணாடி கீறிப் போயிருந்துச்சு. மாடிப்படிக் கைப்பிடி இருக்குல்ல, அங்க காலையில எட்டு மணிக்கு நல்ல வெளிச்சம் அடிக்கும், நேர் வெயில் படாது. அதுல முதல் கோடியைத் தேய்ச்சு மடிச்சுத் தொங்கவிட்டு நாலு போட்டோ எடுத்தேன். முந்தி, பார்டரு, உடம்பு, பிளவுஸ் பிட்டு. சுபா வாட்ஸப்புல ஒரு குரூப் ஆரம்பிச்சுக் குடுத்தா. சுபா கலெக்ஷன்ஸ். அவ கூடப் படிக்கிற பிள்ளைகளோட அம்மாமாரு பதினாலு பேரு. அதுதான் என் கடை. முதல் போடாத கடை. வாடகை கிடையாது, போர்டு கிடையாது, அட்வான்ஸ் கிடையாது. ரீசார்ஜ் மட்டும்தான்.

என்ன எழுதினேன்னு கேளுங்க. புத்தம் புதுசு, ஒரு தடவை கூட உடுத்தாதது. பொய்யா? நான் உடுத்தலையே. தலையில போத்துனதுன்னு யாரும் கேட்கல, நானும் சொல்லல. கடையில இருக்குற சேலையை யாரு யாரு மேலயெல்லாம் போட்டுப் பாத்திருப்பாகன்னு நீங்க கேட்டுட்டா வாங்குறீக? அப்படித்தான்.

மூணாவது நாள் திருச்சியில இருந்து ஒரு அம்மா எடுத்துக்கிட்டாக. பார்சல் கட்டுறதுக்குக் கவர் வாங்கக் கூட வழியில்லாம, சுபாவோட பழைய யூனிபார்ம் வந்த கவரை உள்பக்கமாத் திருப்பி ஒட்டிக் கட்டினேன். கொரியருக்குக் கொண்டு போனது யாருன்னு நினைக்கீக? கார்த்திகாதான். அந்தப் பிள்ளை சாயங்காலம் ஆனா ஸ்கூட்டியில வந்து நிக்கும். ‘அத்தை, இன்னிக்கு எத்தனை?’ன்னு கேக்கும். அவ அம்மாவுக்குத் தெரியாம வரும். பார்சலுக்குள்ள எந்தச் சேலைன்னு ஒரு நாளும் கேட்டதில்ல, அவளுக்குச் சுடிதார்தான் உசுரு. பார்சல் மேல முகவரியை முத்து முத்தா எழுதும். நான் எழுதுனா கொரியர்காரரு ஊரைத் தப்பாப் படிச்சுருவாருன்னு சொல்லும்.

அப்புறம் யாவாரம் பிடிபட்டுருச்சு. சேலம் பக்கம் இளம்பிள்ளையில மொத்தமா சேலை போடுறவுக குரூப் ஒன்னுல சேந்துக்கிட்டேன். அவுக போட்டோவை நம்ம குரூப்புல போட்டு, ஆர்டர் வந்தப்புறம் அவுககிட்ட ஒத்தப் பீஸா எடுக்குறது. கையில சரக்கே வைக்க வேணாம். பார்சலைப் பிரிக்கிறப்போ வீடியோ எடுத்தாத்தான் ரிட்டர்ன்னு கறாராச் சொல்லிட்டேன். ஒருத்தி கிழிஞ்ச சேலைன்னு சண்டைக்கு வந்தா, வீடியோ கேட்டேன், வீடியோவுல அவ பூனை இழுக்குது. நான் யாரையும் விட்டதில்ல சம்பந்தியம்மா. என்கிட்ட எழுத்தும் வாட்ஸப்புல, பேச்சும் வாட்ஸப்புல. எல்லாரையும் சிஸ்னுதான் கூப்பிடுவேன். அறுபது வயசு டீச்சரம்மாவும் சிஸ்தான். இப்ப ரெண்டு குரூப் நிறைஞ்சு மூணாவது ஓடுது. ஒரு முகம் என்னையப் பாத்ததில்ல. என் மூஞ்சியைப் பாத்தா காரியம் கெட்டுப்போகும்னு சொன்னாகளே, இப்ப முந்நூறு வீட்டு விசேஷத்துக்கு என் கை பட்ட சேலைதான் போகுது. எந்த வீட்டுல என்ன கெட்டுப்போச்சு?

இளம்பிள்ளைச் சரக்கு வந்தாலும் நடுவுல நடுவுல கோடியையும் ஒன்னு ஒன்னாத் தள்ளிக்கிட்டேதான் இருந்தேன். சேலைக்கு என்ன தெரியும்? தறியில இருந்து வந்தா சேலை. தறிக்காரனுக்குத் தெரியுமா இது கல்யாணத்துக்குப் போகுதா கருமாதிக்குப் போகுதான்னு? எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்ததில்ல. சுபா ஒரு தடவை காலேஜ் விழாவுக்கு அந்த மயில் கழுத்துக் கலரைக் குடும்மான்னு கேட்டா. குடுக்கல. யாவாரச் சரக்கை வீட்டுல எடுத்தா யாவாரம் உருப்படுமா? அதுக்காகத்தான் குடுக்கல. வேற ஒன்னுமில்ல.

என்ன பாக்குறீக? அதுக்காகத்தான்.

இந்தச் சேவை எடுத்துக்கோங்க. எங்க சாத்தூர்ச் சேவு. எடுங்க. கோவத்தோட இருந்தாலும் சேவு சாப்பிடலாம்.

இப்ப விசயத்துக்கு வாரேன். நீங்க வைகாசியில பொண்ணு பாக்க வந்தீகல்ல, அதுக்கப்புறம் உங்க மக பவித்ராவும் கார்த்திகாவும் நம்பர் மாத்திக்கிட்டாக. கார்த்திகா அவ ஸ்டேட்டஸ்ல எங்க குரூப் லிங்கைப் போட்டு வைப்பா, எங்க அத்தை கலெக்ஷன்னு. அதைத் தொட்டு உங்க மக குரூப்புக்குள்ள வந்திருக்கா. எனக்கு அப்ப எப்படித் தெரியும்? நிச்சயம் முடிஞ்சப்புறம் குரூப்புல நம்பரைத் தேடித்தான் கண்டுபிடிச்சேன். அவ போட்டோ வைக்கல. ஆர்டர் போட்டது அவ சிநேகிதி பேருல, சிநேகிதி முகவரிக்கு. கோவில்பட்டிக்கு மாம்பழக் கலர் ஒன்னுன்னு நானும் கட்டி அனுப்பிட்டேன். அந்தப் பார்சல் மேலயும் கார்த்திகாதான் முகவரி எழுதிச்சு.

ஆமா சம்பந்தியம்மா. நீங்க நிச்சயத்துக்குக் கொண்டாந்த சேலை, எங்க மதினி எனக்குப் போட்ட கோடி.

தண்ணி குடிங்க. குடிங்க முதல்ல.

மதுரையில பெரிய கடையில எடுத்ததுன்னு சொல்லி அந்தக் கடை அட்டைப்பெட்டியில வச்சுத்தான தட்டுல கொண்டாந்தீக. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது. உங்க மக காசை மிச்சம் பிடிச்சிருக்கா. அதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன், என் கஸ்டமரு எல்லாரும் அப்படித்தான். இதே மாதிரி நூறு பீஸ் ஊர்ல இருக்கும், யாரு கண்டுபிடிப்பான்னு நினைச்சிருப்பா. சின்னப் பிள்ளை.

அன்னிக்கு நான் சபையில இல்ல. வருசம் திரும்பலைல்ல, பின்கட்டு ரூம்ல உக்காரச் சொல்லிட்டா மதினி. உக்காந்திருந்தேன். எனக்கென்ன, அங்க ஃபேன் நல்லா ஓடுது. சபையில தட்டு மாத்துன சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல பொண்ணுக்குச் சேலை மாத்தணும்னு கார்த்திகாவைக் கூட்டிக்கிட்டு மதினி அந்த ரூமுக்கே வந்தா. கதவைச் சாத்துனா. பெட்டியைத் திறந்து சேலையை விரிச்சா.

மாம்பழக் கலரு. அரக்குப் பார்டரு. முந்தியில ஒரு மயிலு மட்டும் திரும்பி நிக்கும், நெய்யுறப்போ தப்புனது. நான் போட்டோ எடுக்குறப்பவே பாத்துருக்கேன். எங்க மதினிக்கும் தெரியும், அதைச் சொல்லித்தான் கடையில விலை குறைச்சாளாம். பதினாறாம் நாளு பந்தியில பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா.

அவ என்னையப் பாத்தா. நான் அவளைப் பாத்தேன். என்னத்தைப் பேசுறது? வாயைத் திறந்தா வெளிய நீங்க முப்பது பேரு உக்காந்திருக்கீக. நீங்க கொண்டாந்த சேலை கோடின்னு சொன்னா உங்க மானம் போச்சு. எப்படிக் கோடின்னு கேட்டா எங்க மானம் போச்சு. அந்த நிமிசமே எல்லாம் முடிஞ்சிருக்கும். மதினி கொசுவம் மடிக்கிறா, மடிக்கிறா, அது பாட்டுக்கு அவுந்துக்கிட்டே போகுது. அந்தப் பிள்ளை ஒன்னும் தெரியாம, முந்தியை எடுத்துத் தோள்ல வச்சுக்கிட்டு என்கிட்டத் திரும்பிக் கேக்கா. ‘அத்தை, எனக்கு நல்லாருக்கா?’

என் கையில காபி இருந்துச்சு.

அவ்வளவுதான்.

கார்த்திகா அலறிட்டா. உடம்புல ஒரு சொட்டு படல, சேலையில மட்டும்தான் ஊத்துனேன், பாத்துத்தான் ஊத்துனேன். சத்தம் கேட்டு உங்க ஆளுக கதவைத் தள்ளிட்டு வந்தாக. மதினி எல்லாருக்கும் முன்னால என்னைய அறைஞ்சா. ‘நாசமாப் போறவளே, உன் கண்ணு அவிஞ்சு போக’ன்னு கத்துனா. கத்திக்கிட்டே என் கையைப் பிடிச்சவ விடவே இல்ல. இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, அழுதுக்கிட்டு, நிக்கா. எவ்வளவு ஆத்திரம் பாருங்க அவளுக்கு. வளையல் அழுந்தி இந்தா, இங்க தடம் விழுந்துருச்சு. அப்புறம் தன்னோட கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டிவிட்டுப் பொண்ணைச் சபைக்குக் கூட்டிட்டு வந்தா. மறுநாள் ஒரு தூக்குவாளி நிறையக் கறிக்குழம்பு குடுத்துவிட்டா. என் வாயை அடைக்கத்தான், எனக்குத் தெரியாதா? நல்ல குழம்பு. அதையும் சொல்லணும்.

இதுதான் நடந்தது. பொறாமையுமில்ல, ஒரு எழவுமில்ல. அந்தப் பிள்ளையை நான் இடுப்புல தூக்கி வளத்தேன். மதினிக்கு டைபாய்டு வந்து கிடந்தப்போ நாலு மாசம் என் வீட்டுலதான் கிடந்துச்சு, சுபாவுக்கு ஒரு பக்கமும் அதுக்கு ஒரு பக்கமும் இட்லி ஊட்டுவேன். அதைப் பாத்துப் பொறாமைப்படுவேனா நான்? உங்க கொழுந்தனாரை இங்க வந்து என் முன்னால நின்னு சொல்லச் சொல்லுங்க.

இப்ப யோசிச்சுக்கோங்க. சம்பந்தத்தை முறிக்கணும்னா முறிங்க. ஆனா காரணம் சொல்லித்தான் முறிக்கணும். அப்ப நான் சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல நின்னு சொல்லுவேன். நான் கோடியை வித்தேன், உங்க மக அதை மதுரைக் கடைப் பெட்டியில வச்சா, எங்க மதினி தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தா. மூணையும் சேத்துச் சொல்லுவேன். சுபா கலெக்ஷன்ஸ் அன்னியோட மூடிரும், தெரியும். மூடட்டும். பத்தொம்பது சேலையில ஆரம்பிச்சேன், ஒன்னுமில்லாமலும் ஆரம்பிப்பேன். மிரட்டலைன்னு நினைக்காதீக. மிரட்டல்தான்.

என்ன கேட்டீக? சத்தமாக் கேளுங்க.

நம்பிக்கை இல்லாதவ எதுக்குக் காபியை ஊத்துன. அதான?

நல்லாக் கேக்கீக.

நம்பிக்கை இல்லதான். எனக்கு இல்ல. நான் அதைக் கட்டிக்கிட்டு அம்மி மிதிக்கச் சொன்னாலும் மிதிப்பேன். எனக்கு இனிமே என்ன ஆகப் போகுது? ஆனா அது கார்த்திகா. அது கழுத்துல இன்னும் தாலியே ஏறல. என் தலையில போத்துன சேலையை அது தோள்ல பாத்ததும், அவரு பல்லு விளக்குற இடம், அந்தத் தண்ணி டப்பா, கீழ விழுந்த பிரஷ்ஷு, எல்லாம் கண்ணு முன்னால வந்துருச்சு. உங்க மகன் முகம் வந்துச்சு. அந்தப் பையன் வாசல்ல நின்னு செருப்பை ஒழுங்கு பண்ணிக்கிட்டு இருந்தான், நான் ஜன்னல் வழியாப் பாத்தேன். நம்பிக்கையோ இல்லையோ, அதுல எதுக்குப் போயி நான் விளையாடணும்?

அது சரி, மத்தவ பெத்த பிள்ளைகளுக்கு மட்டும் அனுப்புனியேங்கறீக.

அனுப்புனேன். உங்க மாம்பழக் கலரோட சேத்துப் பதினோரு சேலை போயிருக்கு. மீதி எட்டை நிறுத்திட்டேன். பயந்துக்கிட்டு இல்ல. அந்த டிசைன் எல்லாம் இப்ப ஓடல. வாங்குன ஆள்ககிட்டச் சொல்லிட்டியான்னா, சொல்லல. என்னன்னு சொல்றது? இத்தனை நாள் நிம்மதியாக் கட்டிக்கிட்டு இருக்கவுக, இனிமே புருசன் தும்முனாக் கூட ராத்திரியும் பகலும் அதையே நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா? அது எனக்கு ஒருத்திக்கு இருந்தாப் போதும். எனக்கு இருக்குன்னு சொல்லல. பேச்சுக்குச் சொல்றேன்.

சும்மா ஒரு போன் பண்ணுவேன். அந்தப் பத்துப் பேருக்கும் வாரம் ஒரு தடவை. சிஸ், சேலை எப்படி இருக்கு, சாயம் போகலையே, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா, சார் சௌக்கியமா. யாவாரத்துல கஸ்டமர் கேர் முக்கியம் சம்பந்தியம்மா. பெரிய கடைக்காரன் பண்ணுவானா இதெல்லாம்? திருச்சி அம்மா வீட்டுக்காரருக்குச் சுகர் கூடியிருக்குன்னு சொன்னாக, நான் வெந்தயத்தை ஊறப்போட்டுக் குடுக்கச் சொன்னேன். மறுபடி டெஸ்ட் எடுத்துட்டு எவ்வளவுன்னு எனக்கு அனுப்பச் சொல்லிருக்கேன். இப்ப குறைஞ்சிருக்கு.

இல்ல, எல்லாரும் நல்லாத்தான் இருக்காக. நான் என்ன பொய்யா சொல்றேன்? ஒன்பது பேரு நல்லாருக்காக. கரூர்ல ஒரு பொண்ணு, சரண்யான்னு. வளைகாப்புக்குக் கட்டுறதுக்கு வாங்குச்சு. அது மட்டும் எட்டு நாளாப் போன் எடுக்கல. மெசேஜ் பாக்கல. போன் போட்டா ரிங் போகுது, எடுக்கல. என் தொல்லை தாங்காம ஒதுக்கி வச்சிருக்கும்னு நினைக்கேன். அப்படித்தான் இருக்கும். நேத்து இருபத்திரெண்டு தடவை அடிச்சேன்.

சம்பந்தியம்மா, உங்க போனைக் கொஞ்சம் குடுங்களேன். புது நம்பருன்னா எடுக்கும்ல.

குடுங்க. ஒரே ஒரு நிமிசம்.

ரிங் போகுது.

ஹலோ. சரண்யா இருக்காகளா? நீங்க யாரு பேசுறது? வீட்டுக்காரரா? நீங்கதான் வீட்டுக்காரரா? சார், நல்லாருக்கீகளா? இல்ல சார், ராங் நம்பர் இல்ல, சுபா கலெக்ஷன்ஸ், சேலை குடுத்தவுக. உங்க உடம்பெல்லாம் எப்படி இருக்கு சார்? நெஞ்சுல வலி எதுவும்… சும்மாதான் சார் கேட்டேன். கஸ்டமர் கேர். அப்படியா? என்னிக்கு? ஆஸ்பத்திரியில இருந்து வந்தாச்சா? அழுகுற சத்தம் கேக்குதே, அதான் பாப்பாவா? பொம்பளைப் பிள்ளையா? சந்தோசம் சார். கொஞ்சம் சத்தமாப் பேசுங்க சார், இல்ல, கேக்குது, நல்லாக் கேக்குது, சும்மா சத்தமாப் பேசுங்க. சரி சார். திட்டாதீக. வச்சுர்றேன்.

கோவக்காரரா இருக்காரு. என்னா தொண்டை! காது வலிக்குது எனக்கு.

ஒன்னுமில்ல, கண்ணுல தூசி எல்லாம் இல்ல, அழுகதான் வருது. அழுதா என்ன? என் வீட்டுலதான அழுகுறேன். நீங்க எதுக்கு அழுகுறீக?

இந்தாங்க உங்க போனு. ஸ்கிரீன் நனைஞ்சிருச்சு, தொடச்சுக்கோங்க.

சொல்லுங்க இப்ப. ஆவணி இருபத்தி மூணு இருக்கா, இல்லையா? தலையை ஆட்டுனா எனக்குப் புரியாது. வாயைத் திறந்து சொல்லுங்க.

பத்திரிகை அடிக்கச் சொல்லிருவீகளா? நாளைக்கேயா? உங்க கொழுந்தனாரு? அவரை நீங்க பாத்துக்குவீகளா? சரி. பாத்துக்கோங்க. கை தவறிக் கொட்டுச்சுன்னே இருக்கட்டும். பவித்ராவையும் திட்டாதீக, அடுத்த தடவை வேணும்னா நேரா என்கிட்டக் கேக்கச் சொல்லுங்க, இளம்பிள்ளைப் புதுச் சரக்கு, நானே குறைச்சுப் போட்டுத் தாரேன்.

என்னது? நானா?

முன்னால உக்காரணுமா? தாலியை வச்சு எல்லாரும் தொட்டுக் கும்பிடுற தட்டை என் கையிலயா குடுப்பீக? அத்தைக்காரின்னு?

சும்மா இருங்க சம்பந்தியம்மா. நீங்க பாட்டுக்குப் பேசுறீக. அவரு போயி வருசம் திரும்ப இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. அதுக்குள்ள நான் எப்படி வந்து மணவறை முன்னால நிப்பேன்? பெரியவுக சும்மாவா வச்சிருக்காக? நல்ல நேரத்துல என் மூஞ்சி எதுக்கு அந்தப் பிள்ளை கண்ணுல முதல்ல படணும்? முடியாது. நீங்க கூப்பிட்டாலும் வர மாட்டேன், அண்ணன் வந்து கூப்பிட்டாலும் வர மாட்டேன். யாருக்கும் பயந்து இல்ல. யாரு சொல்லியும் இல்ல. நானா வரல.

மண்டபத்துக்கு எதுத்தாப்புல ஒரு டீக்கடை இருக்கு. பெஞ்சு போட்டிருப்பான். அங்க உக்காந்திருப்பேன். உள்ள கெட்டிமேளம் அடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பிக் கூடப் பாக்க மாட்டேன். தாலி ஏறி, மூணாவது முடிச்சும் விழுந்து, மேளம் அடங்குனப்புறம் எந்திரிச்சு நேரா உள்ள வருவேன். அதுக்கப்புறம் எவன் குறுக்க நிக்கான்னு நான் பாக்குறேன்.